ஞானஸ்நானத்துக்குப் பிறகு வந்த கஷ்டங்கள் யாரிடமிருந்து வந்தவை?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்த நீங்கள் ஒன்றரை வருஷத்துக்கு முந்தி ஞானஸ்நானம் எடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அப்பா உங்களோடு கதைப்பதில்லை. பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் பெரியப்பா வீட்டார் விடுவதில்லை. சிகரெட்டும் பீடியும் இனி விற்பதில்லை என்று முடிவெடுத்ததிலிருந்து கடை வியாபாரம் விழுந்துவிட்டது. மனைவிக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. போதகர் இதெல்லாம் சாத்தானின் போராட்டம் என்கிறார். ஜெபக்குழு அக்கா ஒருவர், எங்கேயோ மறைவான பாவம் இருக்கிறது என்கிறார். இன்னொருவர், பொன்னைப்போல் தேவன் உங்களைப் புடமிடுகிறார் என்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குக் கீழே, தேவன் உங்களோடு கோபமாக இருக்கிறாரா என்ற பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் இளைப்பாறிய போதகர். வலிகாமத்திலும் தீவகத்திலும் முப்பது வருஷத்துக்கு மேல் சபைகளைப் பார்த்தேன். இடையில் சில காலம் இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படிப்பித்தேன். உங்கள் கேள்வியைப் பல வீட்டு விறாந்தைகளில் இருந்து கேட்டிருக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு நடந்த நான்கும் நான்கு வகை. அவற்றை ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, இந்தச் சாக்கை அனுப்பினது யார் என்று கேட்பதால்தான் யார் சொன்னதும் பாதி சரி மாதிரியும் பாதி பிழை மாதிரியும் தெரிகிறது.

குழப்பத்தில் ஒரு பங்கு எங்கள் வேதாகமத் தமிழிலேயே இருக்கிறது. ஆதியாகமம் 22இல் "தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்" என்று வாசிக்கிறோம். யாக்கோபு 1:13இல் தேவன் "ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல" என்று வாசிக்கிறோம். ஒரே சொல். கிரேக்கத்திலும் பெய்ரஸ்மோஸ் என்ற ஒரு சொல்தான் இரண்டு பாரத்தையும் சுமக்கிறது: ஆளின் உறுதியைப் பார்க்கிற பரீட்சையும் அதுதான், ஆளை விழுத்தப் பார்க்கிற தூண்டிலும் அதுதான். யாக்கோபு அதே அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில் முதல் பொருளிலும் 13இல் இரண்டாம் பொருளிலும் பேசுகிறார். ஆகவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: உங்களைப் பாவத்துக்குள் இழுக்கிற இழுப்பு தேவனிடமிருந்து வருவதல்ல. "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே" என்று அடுத்த வசனம் காரணத்தைச் சொல்கிறது. அந்த வசனத்தில் சாத்தானின் பேர்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள்.

உபத்திரவம் என்று நாங்கள் வாசிக்கிற சொல் வேறு. த்லிப்சிஸ் என்றால் நெருக்குதல், நசுக்குதல். துன்பப்படுத்துதல் என்பது இன்னொன்று: தியோக்மோஸ், அதாவது துரத்துதல். பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் தான் சபையைத் துன்பப்படுத்தினேன் என்பதற்கும், இலக்கை நோக்கித் தொடருகிறேன் என்பதற்கும் ஒரே வினையைத்தான் போடுகிறார். வகுப்பில் இந்த இடம் வந்தால் பெடியள் நிமிர்ந்து இருப்பார்கள். துரத்தத் தெரிந்த மனுஷன் பிறகு வேறொன்றைத் துரத்தப் போனான். சரி, அது போகட்டும். துரத்துதல் என்றால் துரத்துகிற ஒரு ஆள் இருக்கவேண்டும், துரத்த ஒரு காரணமும் இருக்கவேண்டும். கரு கலைவதில் துரத்துகிறவர் யார்? ஒருவருமில்லை. அதனால் அது துன்பப்படுத்தலாகாது. அது துக்கம்.

இனி அந்த மூன்று பதில்களுக்கு வருவோம். சாத்தானா, தேவனா, மனுஷரா என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி வேதம் பெரும்பாலும் எங்களைக் கேட்பதில்லை. யோபுவின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். மாடுகளைக் கொண்டுபோனவர்கள் சபேயர், ஒட்டகங்களைக் கொண்டுபோனவர்கள் கல்தேயர்; இரு கூட்டமும் கொள்ளைக்கு வந்த மனுஷர். வீட்டை விழுத்தியது வனாந்தரக் காற்று. பின்னால் நின்றவன் சாத்தான். அவனுக்கு எல்லை போட்டவர் தேவன். யோபுவோ "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்கிறான், அப்படிச் சொன்னதில் அவன் பாவஞ்செய்யவில்லை என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. தாவீது ஜனத்தைக் கணக்கெடுத்த கதையில் 2 சாமுவேல் கர்த்தருடைய கோபத்தில் தொடங்குகிறது. அதே கதையை 1 நாளாகமம் சாத்தானில் தொடங்குகிறது. பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன வேதனை "சாத்தானுடைய தூதன்", ஆனால் அது அவர் தன்னை உயர்த்தாதபடிக்குக் கொடுக்கப்பட்டது. சாத்தான் அப்படியொரு நோக்கத்தோடு எதையும் கொடுக்கமாட்டான்.

எனக்குப் பிடித்த இடம் லூக்கா 22. சாத்தான் "கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல" உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டான் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். இந்தியாவில் பல இடங்களில் இதற்கு முறம் என்பார்கள். எங்களுக்கு இது அடுப்படியில் கொழுவியிருக்கிற சுளகு. அம்மா அரிசி புடைக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். எறிந்து பிடிக்கிறபோது உமி முன்னுக்குப் பறக்கும், மணி பின்னுக்குத் தங்கும். சாத்தானுக்கு வேண்டியது பேதுரு முழுக்கப் பறந்துபோவது. புடைத்தபின் தங்குகிறது எதுவென்று தேவன் பார்க்கிறார். ஒரே சுளகு, ஒரே குலுக்கல், இரண்டு எண்ணம். அதோடு, இயேசு அந்தச் சுளகைப் பறித்துவைக்கவில்லை. விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்றுதான் சொன்னார். உங்கள் போதகரும் புடமிடுதல் என்றவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க இடமுண்டு என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இருவருக்கும் ஒரு எச்சரிக்கை. பரலோகத்தில் நடந்த பேச்சு வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. 42 அதிகாரமும் முடிகிறவரை ஒருவரும் அதை அவனுக்குச் சொல்லவில்லை. பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசுகிறபோதும் காட்டுக்கழுதை, தீக்குருவி, முதலையெல்லாம் வருகின்றன, சாத்தான் வரவில்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட வீட்டில் குறிப்பிட்ட நாளில் நடந்ததைக் காட்டி "இது இன்னாரின் வேலை" என்று அடித்துச் சொல்கிறவர், யோபுவுக்குக் கிடைக்காத தகவல் தனக்குக் கிடைத்திருக்கிறது என்கிறார். முப்பது வருஷத்தில் எனக்கு அப்படியொரு தகவல் ஒருநாளும் கிடைத்ததில்லை. வாலிபத்தில் கிடைத்தமாதிரி சில வீடுகளில் பேசியிருக்கிறேன். அந்த வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறைவான பாவம் என்ற அக்காவுக்கு வருவோம். பாவத்துக்கு விளைவு இல்லை என்று நான் சொல்லவில்லை. குடித்தால் ஈரல் கெடும், பொய்க் கணக்கு எழுதினால் ஒருநாள் பிடிபடும். எபிரெயர் 12 சிட்சையைப் பற்றியும் பேசுகிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல் பைதெய்யா, பிள்ளையை வளர்த்துப் பழக்குவது. ஆனால் பழக்குகிற தகப்பன் எதற்காகக் கண்டிக்கிறேன் என்று பிள்ளைக்குச் சொல்வான். என்ன பிழை என்று சொல்லாமல் அடித்துவிட்டு, நீயே தேடிக் கண்டுபிடி என்கிறவனைத் தகப்பன் என்று யார் சொல்வார்கள்? பிறவிக்குருடனைக் காட்டி யார் பாவம் செய்தது என்று சீஷர் கேட்டபோது, அவனுமில்லை, பெற்றாருமில்லை என்று இயேசு பதில் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அல்ல என்று அவரே சொன்னார். யோபுவின் சிநேகிதர் மூவரும் அந்த அக்கா சொன்னதைத்தான் நீண்ட கவிதையில் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களோடுதான் கோபித்தார். இன்னொரு விஷயத்தையும் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். உறுதிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. ஆரம்ப மாதங்களில் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) நேர்ந்த பிழையால் கலைகின்றன. அது கோயிலுக்குப் போகிறவர் வீட்டிலும் நடக்கிறது, சபைக்குப் போகிறவர் வீட்டிலும் நடக்கிறது.

அப்படியென்றால் துன்பப்படுத்தல் என்று எதைச் சொல்வது? இதற்கு 1 பேதுரு 4 கடுமையான ஒரு சல்லடை தருகிறது. கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்படாதே என்கிறதற்கு முந்தி, கொலைபாதகனாயாவது, திருடனாயாவது, பொல்லாங்கு செய்தவனாயாவது, "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாயாவது" பாடுபடாதே என்கிறார். கொலையையும் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார் பாருங்கள்.

போர் முடிந்து சில வருஷத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். வெள்ளிக்கிழமை இரவு வீட்டு ஜெபம் நடக்கிறபோது தகரக் கூரைக்குக் கல் விழுகிறது, இது துன்பப்படுத்தல், பொலிசுக்குப் போகவேண்டும் என்றார். விழுந்த கற்களை ஒரு பிஸ்கட் ரின்னில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார், ஏழு கல். அடுத்த வெள்ளிக்கிழமை நான் பிரசங்கம் செய்யாமல் சும்மா போய் இருந்தேன். கிளுவைக் கதியாலில் கம்பியால் கட்டின ஒலிபெருக்கிப் பெட்டியொன்று அடுத்த வளவைப் பார்த்தபடி நின்றது. உள்ளே இருந்ததோ பதினொரு பேர். வேலிக்கு அந்தப் பக்கம், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் படியில் குந்தியிருந்தது. பெட்டியை இறக்கச் சொன்னேன். அவருக்கு என்மேல் சரியான கோபம். சுவிசேஷத்துக்கு வெட்கப்படுகிறேன் என்றார். அடுத்த வெள்ளி கல் விழவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் விழவில்லை. ஆனால் சந்திக் கடையில் அவர் மனைவிக்கு மட்டும் கடைசியாகச் சாமான் நிறுப்பதும், மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் போடுவதும் நிற்கவில்லை. ஒலிபெருக்கி போன பிறகும் மிஞ்சியது அதுதான். அது கிறிஸ்துவின் பேருக்காக வந்தது. அதைச் சகிக்க அந்த அம்மாவோடு இருந்து ஜெபித்தோம்.

உங்கள் பெரியப்பா விஷயத்திலும் இந்தச் சல்லடையைப் போட்டுப் பாருங்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தியே கிணற்றிலோ எல்லையிலோ வழக்கு ஏதும் இருந்ததா? அவர்கள் கும்பிடுகிறதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? ஒன்றுமில்லை, வேதக்காரன் கிணற்றில் கை வைக்கக்கூடாது என்பதுதான் ஒரே காரணம் என்றால், அது துன்பப்படுத்தலேதான்; சின்னது என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

எங்கள் ஊரின் சரித்திரமும் இங்கே கொஞ்சம் உதவும். 1544இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லுவித்தான். அறுநூறு பேர், அதற்கும் மேல் என்று மரபு சொல்கிறது. அதை மதத்துக்காக மட்டும் நடந்தது என்று வாசித்தால் பாதிதான் கிடைக்கும். ஞானஸ்நானத்துக்குப் பின்னால் போர்த்துக்கேயக் கப்பல் வருகிறது என்பது அரசனின் பயம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், அந்தப் பயம் பலித்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் சிலுவையை வைத்திருந்தவர்கள். 1658இல் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கரை ஒடுக்கினார்கள். 1687இல் கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்துக்குள் வந்தது கூலியாள் வேஷத்தில். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அங்கே துரத்தினதும் கிறிஸ்தவர், துரத்தப்பட்டதும் கிறிஸ்தவர். பிலிப்பியில் பவுலைப் பிடித்துக் கொடுத்தது குறிசொல்லும் பெண்ணால் கிடைத்த வருமானம் போனவர்கள்; எபேசுவில் கலகத்தைத் தொடக்கினது வெள்ளிக் கோயில் செய்து விற்ற தெமேத்திரியு. காசும் பயமும் மானமும் மதத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவது எல்லாக் காலத்திலும் நடக்கிறது.

நேர்மாறாகவும் பாருங்கள். 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த இடம்பெயர்ந்த சனம் நூறு பேருக்கு மேல் குண்டுவீச்சில் செத்தார்கள். தேவாலயத்தில் நடந்தது, ஆனால் கிறிஸ்தவர் என்பதற்காக நடந்ததல்ல. 2019 உயிர்த்த ஞாயிறில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் செத்தவர்கள் ஆராதனைக்குப் போனதற்காகவே குறிவைக்கப்பட்டார்கள். இரண்டிலும் கண்ணீர் ஒன்றுதான். ஆனால் நவாலியை வைத்து "எங்களைத் துன்பப்படுத்துகிறார்கள்" என்று பிரசங்கித்தால் அது பொய்யாகிவிடும்.

இப்போது அப்பா. "ஒரு மனுஷனுக்குச் சத்துருக்கள் அவன் வீட்டாரே" என்ற வசனத்தை உங்களுக்கு ஏற்கெனவே யாராவது காட்டியிருப்பார்கள். வசனம் உண்மைதான், ஆனால் உங்கள் அப்பாவை அதற்குள் அவசரமாக அடைக்காதீர்கள். வருஷத் திருவிழாவில் உங்கள் குடும்பத்துக்கு ஒருநாள் உபயம் இருக்கிறதென்றும், இந்த வருஷம் அப்பா தனியாக நின்று செய்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஒரே மகன் என்றும் எழுதியிருந்தீர்கள். தம்பி, நான் இருந்து கதைத்த தகப்பன்மாரில் அநேகர் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்: எனக்கு யார் கொள்ளி வைக்கிறது? அந்தப் பயத்தைக் கோபம் என்று வாசித்து, கோபத்தைச் சாத்தான் என்று வாசித்தால், அப்பாவோடு கதைக்கவே முடியாமல் போய்விடும். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று பவுல் சொன்னது மாம்சமும் இரத்தமுமான ஆட்களை எதிரியாக்காமல் இருக்கத்தான். கொள்ளி வைக்கலாமா கூடாதா என்பதில் சபைகள் ஒருமாதிரி இல்லை. நான் வைக்கச் சொன்ன வீடும் உண்டு, வேண்டாம் என்று சொன்ன வீடும் உண்டு. அதை முடிவெடுக்க முந்தி, அப்பா கடைசியாகப் போகிறபோது பக்கத்தில் நிற்பேன் என்பதையாவது நீங்கள் அவரிடம் சொல்லலாம். அவர் பதில் சொல்லாவிட்டாலும் அவருடைய காதில் விழும்.

கடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிகரெட் வாங்க வருகிறவன் கூடவே சோடாவும் வாங்குவான். அவன் வராவிட்டால் இரண்டும் போகும். அது துன்பப்படுத்தலும் இல்லை, சிட்சையும் இல்லை, நீங்களாகக் கொடுத்த விலை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சின்னக் கடைகள் பல தள்ளாடின என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆசீர்வாதமாக வியாபாரம் இரட்டிப்பாகும் என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால், அவர்கள் கொடுத்த வாக்குக்குத் தேவனைக் கடன்காரர் ஆக்காதீர்கள்.

தாங்கமுடியாத பாரத்தைத் தேவன் தரமாட்டார் என்றும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1 கொரிந்தியர் 10:13 பேசுவது முக்கியமாகப் பாவத்துக்கு இழுக்கிற சோதனையைப் பற்றி. தப்பிக்கொள்ளும் போக்கு உண்டு என்கிறது. அதே பவுல் இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில், தங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். ஆகவே தாங்கமுடியவில்லை என்று நீங்கள் சொன்னால் அது அவிசுவாசம் ஆகாது. தேவன் கோபமா என்ற பயத்துக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, உங்களுக்கு நடந்தவற்றில் எதுவும் அதற்குச் சாட்சி ஆகாது என்பதுதான். ஏன் அனுமதித்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடக்கிறபோது என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டா. அன்றைக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை, குடையை அவவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கிணற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. காணி உறுதியை எடுத்து, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு முதலில் பெரியப்பாவிடம் போங்கள். சரிவராவிட்டால் கிராம சேவகர், பிறகு இணக்க சபை என்கிற மத்தியஸ்த சபை. உரிமையைக் கேட்பது சிலுவையைக் கீழே போடுவதாகாது. பவுலே ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியைத் தடுத்தார், இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் வழக்கைக் கொண்டுபோகக் கேட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் நீண்ட கேள்வியில் மனைவி ஒரு வரியில்தான் வருகிறார். மறைவான பாவம் என்று அந்த அக்கா சொன்னது உங்களிடமா, அவரிடமா? அவரிடம் சொல்லியிருந்தால், அப்பாவுக்கும் கிணற்றுக்கும் முந்தி அதைப் பாருங்கள். இன்றிரவு கடையைக் கொஞ்சம் வெள்ளெனப் பூட்டிவிட்டுப் போய், அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததா என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் கதைக்க விரும்பினால் கதைக்க விடுங்கள், வசனம் ஒன்றும் சொல்லவேண்டாம்.